புது வெவப் பாட்டில் வந்த குரல்

இதை எழுத வேண்டும் என்று நான்கு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்காகவே ஐந்து கொப்பிகள் வாங்கினேன். ஒவ்வொன்றிலும் பிள்ளையார் சுழி போட்டு, ‘அம்மன் துணை’ என்று எழுதி, அதோடு கைவிட்டேன். வீணாகக் கிடக்கிறதே என்று என் மனைவி அவற்றில் தையலுக்கு வரும் பெண்களின் அளவுகளை எழுதத் தொடங்கிவிட்டார். இன்றைக்கு எங்கள் பக்கத்துப் பெண்களின் சட்டை அளவுக்கெல்லாம் மேலே அம்மன் துணையாக இருக்கிறாள். எனக்குத்தான் தைரியம் தரவில்லை, அல்லது நான் கேட்கவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகள் செய்த ஒரு பாட்டைப் பற்றி மாத்தளைப் பக்கம் பல கதைகள் ஓடுகின்றன. பிரதம அதிதி குளத்துக்குள் விழுந்தார் என்கிறார்கள். விழவில்லை. நாவுலையில் நூறு பேருக்கு ஒரே நேரத்தில் அருள் வந்தது என்கிறார்கள். அது அருள் இல்லை, சூடு. இந்தக் கதைகளைச் சொல்லும்போது நானும் கூட நின்று சிரித்திருக்கிறேன். எந்தக் கதையிலும் வராத ஒன்று உண்டு. நான் அம்மன் சந்நிதியில் நின்று ஒரு பொய் சொன்னேன். அது என் மகள் மேல்தான் விழுந்தது. அதைச் சொல்லத்தான் இந்த ஆறாவது கொப்பி.

எங்கள் வீடு அலுவிகாரையில். வேலை மாத்தளை டவுனில் ஒரு வாசனைத் திரவியக் கடையில், மிளகு, கராம்பு, சாதிக்காய் தரம் பிரிப்பது. முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர். நாங்கள் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். ஆனால் ஊரில் எனக்கு இருந்த பேர் வேலையால் வந்ததல்ல, குரலால் வந்தது. எங்கள் அம்மன் கோயில் திருவிழாவில் மைக் பிடிப்பது நான். தொலைந்த பிள்ளை, அன்னதானம், தேர் வடம், எல்லா அறிவித்தலும் என் வாயால்தான். அதில் ஒரு வசனம் எனக்கே பிடித்தது: “பக்த கோடிப் பெருமக்களே! பாதணிகளை வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரவும்!” செருப்பு என்று சொன்னால் செருப்பாகத்தான் இருக்கும். பாதணி என்று சொன்னால் கழற்றுகிறவருக்கும் ஒரு மரியாதை.

மகள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போட்டோக் கொப்பிக் கடையில் வேலை செய்கிறாள். கணினி வகுப்பில் பழகிய சிங்களத் தோழி ஒருத்தி கீபோர்ட் வாசிப்பாள். ரத்தோட்டையிலிருந்து ஒரு ஆட்டோக்காரத் தம்பி கிட்டார் கொண்டு வருவார். ரிவர்ஸ்டன் மலைப் பனிமூட்டத்திலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத மனிதர். மூவரும் அங்கே போய்ப் படம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். படத்தில் பனியைத் தவிர யாரும் தெரியவில்லை. “இதுல நீ எங்க இருக்கே?” என்று கேட்டேன். “அதாம்ப்பா அழகு” என்றாள்.

எங்கள் முன் அறையில் முட்டைத் தட்டுகளைச் சுவரில் ஒட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டுச் செய்தார்கள். கீபோர்ட் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும். கிட்டார் அதற்குப் பதில் சொல்லாது. மகள் அழவும் மாட்டாள், சிரிக்கவும் மாட்டாள், தண்ணி வெட்டு அறிவித்தல் வாசிப்பது போலப் பாடுவாள்.

“இது என்னா பாட்டு பாப்பா?”

“நியூ வேவ்ப்பா. ரொக் பாட்டுல ஒரு வகை.”

என் காதில் விழுந்தது நியூ வெவ. சிங்களத்தில் குளத்துக்கு வெவ என்று சொல்வார்கள். மிளகு விளைவித்துக் கொண்டு வரும் நாவுலைக் கமக்காரர்களோடு நாள் முழுக்கச் சிங்களம் பேசுகிறவனுக்கு வேறெப்படி விழும்? அந்த மாதம் அவர்கள் வாயில் வேறு பேச்சே இல்லை. நாவுலைக்கு அப்பால் ஒரு பழைய குளத்தைத் திருத்திப் புதிதாக்கிக்கொண்டிருந்தார்கள். கட்டு எவ்வளவு உயரம், தண்ணீர் எப்போது விடுவார்கள், இதேதான். என் மகள் புதுக் குளத்துக்குப் பாட்டுக் கட்டுகிறாள் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தண்ணீரைப் பாடுகிற பிள்ளையைக் கொடுத்தாயே தாயே என்று அம்மனுக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.

பாட்டின் தொடக்கம் இதுதான்:

பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்
பஸ் வரவில்லை
பஸ் வந்தது
நான் ஏறவில்லை

குளத்தைக் காணோமே என்று எனக்குச் சந்தேகம் வரவே இல்லை. பஸ் ஏறினால்தானே நாவுலைக்குப் போகலாம்? குளம் இரண்டாம் சரணத்தில் வரும் என்று பொறுத்திருந்தேன்.

ஒரு ஞாயிறு மகள் போனை என் முன்னால் நீட்டினாள். “அப்பா, அந்தச் செருப்பு அறிவித்தல ஒரு தடவ சொல்லுங்க. பாட்டுல போடப் போறோம்.”

“பாட்டுல எதுக்கு?”

“எங்க போனாலும் எதையாவது வெளியில கழட்டி வச்சாத்தான் உள்ள விடுறாங்கப்பா. போன கிழமை ஒரு வேலைக்கு நேர்முகம் போனேன்ல. சிங்களத்துல பேசச் சொன்னாங்க, பேசினேன். அம்மா அப்பா பொறந்தது எங்கன்னு கேட்டாங்க. தோட்டத் தொழிலாளர் லயம்னு சொல்லல. மாத்தளைனு சொன்னேன். அத வாசல்லயே விட்டுட்டுத்தான் உள்ள போனேன். திரும்பி வந்தா செருப்பு மட்டுந்தான் இருந்திச்சு.”

அவள் இவ்வளவு சொல்லியும் எனக்கு விளங்கியது குளக்கட்டுத்தான். புதுக் குளத்தில் பால் பொங்க வைப்பார்கள், பிக்குகள் வந்து பிரித் ஓதுவார்கள். அங்கே செருப்போடு ஏறலாமா? கழற்றச் சொல்வது நியாயம்தானே? முகம் கழுவி, திருநீறு பூசி, அம்மன் படத்துக்கு விளக்கேற்றி, போனைப் பார்த்துக் கைகூப்பிச் சொன்னேன். கிட்டார்த் தம்பி கண்ணாடியைச் சற்று இறக்கி, “அங்கிள், செம கோல்ட்!” என்றார். குளிருக்குச் சால்வை வேண்டுமா என்று கேட்டேன்.

அடுத்த வாரமே கடையில் வாயை விட்டேன். மிளகு மூட்டையோடு வந்தவர் கமக்காரர் சங்கத்துச் செயலாளர். ‘என் மகள் அலுத் வெவவுக்கு, அதாவது புதுக் குளத்துக்கு, ஒரு பாட்டுச் செய்திருக்கிறாள்’ என்று அவரிடம் சிங்களத்தில் சொன்னேன். அவர் தராசைப் பார்ப்பதை விட்டு என்னைப் பார்த்தார். எங்கள் குளத்துக்கு ஒரு தமிழ்ப் பிள்ளையா என்றார். திறப்பு விழாவுக்குக் கட்டாயம் வந்து பாட வேண்டும் என்று அங்கேயே என் கையைப் பிடித்தார்.

நானா உள்ளேயிருந்து, “தம்பி, ஒங்கட மகள் குளத்துக்குப் பாட்டுப் படிக்கியா? சொல்லவே இல்லியே! நானும் வாறன், எனக்கும் அங்க மொளகு ஈக்கிது” என்றார்.

வீட்டில் சொன்னதும் மகள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். வேவ் என்றால் அலை, குளமில்லை, அது பாட்டின் சாதி, பாட்டின் பொருள் இல்லை என்று விளக்கினாள். சிரித்து முடித்துச் சொன்னாள்:

“எங்கள இதுவரைக்கும் யாருமே கூப்பிடலப்பா.”

தோழி, குளத்திலும் அலை உண்டுதானே என்று சிங்களத்தில் சொன்னாள். கிட்டார்த் தம்பிக்கு ஒரே கவலைதான். “குளமோ கடலோ, பிளக் பொயிண்ட் இருக்கான்னு கேளுங்க அங்கிள்.”

போனோம். குளக்கட்டில் புதுச் சரளைக் கல் பரப்பியிருந்தார்கள். நல்ல உச்சி வெயில். பால் பொங்கி, பிரித் ஓதி முடிந்து, பிக்குகள் புறப்பட்ட பிறகும் பிரதம அதிதி வரவில்லை. வந்ததும் பாட்டைத் தொடங்கினார்கள். கமக்காரர்கள் கைகட்டி மிகவும் பக்தியாக நின்றார்கள். கீபோர்ட் டிக் டிக் என்றது. மகள் பஸ்சுக்குக் காத்திருந்தாள். அவர்கள் குளத்துக்குக் காத்திருந்தார்கள். அப்போது ஒலிபெருக்கியிலிருந்து, மலையே திரும்பிச் சொல்ல, என் குரல் வந்தது: “பக்த கோடிப் பெருமக்களே! பாதணிகளை வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரவும்!”

சனம் ஒன்றும் விளங்காமல் பார்த்தது. நானா முன் வரிசையில் இருந்தார். ஆயுள் முழுக்க வியாபாரத்தில் இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்த்துப் பழகியவர். அந்தப் பழக்கத்தில் எழுந்து, “செரெப்பு கலவன்ன!” என்று சிங்களத்தில் சத்தமாகச் சொல்லிவிட்டார். அந்த மொழியிலும் செருப்புக்கு ஏறக்குறைய செருப்புத்தான்.

ஒருவர் விடாமல் கழற்றினார்கள். செயலாளர் கழற்றினார். பொலிஸ்காரர் யோசித்துவிட்டுக் கழற்றினார். பிரதம அதிதிக்கு நாடா கட்டிய சப்பாத்து. அவரைக் கதிரையில் உட்கார வைத்து, ஆளுக்கொரு காலாக இரண்டு பேர் இழுத்தார்கள். வலது காலுறையில் பெருவிரல் வெளியே நின்றது. அவர் அதை இடது காலால் மறைத்துக்கொண்டே கைகூப்பினார்.

பிறகு சரளைக் கல்லின் சூடு உறைத்தது. ஒவ்வொருவராகக் கால் மாற்றி நின்றார்கள். பிறகு கால் மாற்றித் துள்ளினார்கள். கீபோர்ட் தாளத்துக்கு நூறு பேர் முகத்தில் சிரிப்பே இல்லாமல் துள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவை என் குரல் வரும்போதும் இன்னும் பயபக்தியாகத் துள்ளினார்கள்.

“அங்கிள், ஆடுறாங்க! இதுதான் நியூ வேவ்!” கிட்டார்த் தம்பிக்குக் கண்ணாடிக்குள்ளிருந்தே கண்ணீர் வந்துவிட்டது.

பாட்டு முடிந்தபோது வயலில் வேலை செய்கிற ஒரு அம்மா மேடைக்குப் பக்கத்தில் வந்து, இந்தப் பிள்ளை என்ன பாடியது என்று தோழியிடம் கேட்டார். தோழி சொன்னாள். அந்த அம்மா யோசித்துவிட்டு, ‘நானும் ஏறவில்லை, மகள்’ என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிப் போனார். எங்கள் மகள் வீட்டுக்கு வரும்வரை அந்த ஒரு வாக்கியத்தையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

யாரோ போனில் பிடித்த வீடியோ இரண்டு நாளில் மாத்தளையெல்லாம் சுற்றியது. மூன்றாம் நாள் கோயில் பரிபாலன சபைக்கு வந்தது.

சபையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்லவர்கள். தலைவர் தோட்டத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கூட்டம் வைக்காமல் நம்ப மாட்டார். வெள்ளிக்கிழமை பூசை முடிந்து, அம்மனுக்கு நேராக மண்டபத்தில் பாய் விரித்துக் கூட்டம். மகள் சுண்டல் தட்டோடு தூண் பக்கம் நின்றாள். தலைவர் வீடியோவை மூன்று முறை போட்டார். மூன்றாம் முறை உறுப்பினர் ஒருவரின் கால் தாளம் போட்டது. அவரே அதைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

“கோயில் வசனத்த டிஸ்கோவுல போட்டிருக்காங்க” என்றார் தலைவர்.

“செருப்பு கோயிலுக்கு வெளியிலதானே கிடக்கு? அப்ப அது சமய விசயமா?” என்று ஒருவர் கேட்டார்.

“செருப்பு வெளியில. வசனம் உள்ள” என்றார் தலைவர். “அதோட, செருப்புங்கிறத எடுத்துட்டுப் பாதணின்னு போட்டது நம்ம சபை. தீர்மானம் இருக்கு. அது சபையோட சொத்து.”

“ஆடுனது சிங்கள ஆளுங்கதானே தலைவரே. நம்ம ஆளு யாரும் ஆடல.”

“ஆட்டம் வேற, குரல் வேற.” தலைவர் என் பக்கம் திரும்பினார். “அண்ணே, நேரா கேக்கிறேன். இது உங்க குரலா? உங்க குரல்னா இந்த வருசம் மைக்க வேற ஆள்கிட்ட குடுக்க வேண்டி வரும். தப்பா நினைக்காதீங்க.”

கொடியேற்றத்துக்குப் பதினொரு நாள் இருந்தது. இருபது வருடம் நான் பிடித்த மைக். வருடத்தில் மற்ற நாளெல்லாம் நான் மிளகுத் தூசி. அந்தப் பத்து நாள்தான் என்னை ஊர் நிமிர்ந்து பார்க்கும். முன்னால் அம்மன். பக்கத்தில் மகள்.

“இல்ல” என்றேன்.

அம்மன் காதில் விழக் கூடாதென்று மெதுவாகச் சொன்னேன். மைக் இல்லாமலே தேர்முட்டி வரை கேட்கும் குரல், பாயின் மறுமுனைக்குக் கேட்கவில்லை.

“என்னா? சத்தமா சொல்லுங்கண்ணே.”

“இல்லைங்க. என் குரல் இல்ல.”

ஒரே பொய்யை இரண்டு முறை சொல்ல வைத்தது என் மெல்லிய குரல். எல்லோரும் மகளைப் பார்த்தார்கள். அவள் சுண்டல் தட்டைக் கீழே வைத்தாள்.

“அப்பா குரல் இல்லதான். கம்பியூட்டர்ல செஞ்சது. இப்ப யாரு குரல வேணும்னாலும் செய்யலாம்.”

சபைக்கு நிம்மதி. கம்பியூட்டரைச் சபை விலக்க முடியாது. ‘இயந்திரத்தால் ஏற்பட்ட ஒற்றுமை’ என்று தலைவர் தீர்மானம் எழுதினார். சுண்டல் பரிமாறப்பட்டது. எனக்கு மைக் மிஞ்சியது.

வீடு திரும்பும் வழியில், “பாப்பா, நான் வந்து…” என்று தொடங்கினேன்.

“விடுங்கப்பா. திருவிழா வருதுல்ல” என்றாள்.

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். வாசலில் அவள் குனிந்து செருப்பைக் கழற்றியபோதுதான், அன்றைக்கு அவள் சொன்ன நேர்முகக் கதை எனக்கு முழுதாக விளங்கியது. அவள், நான் பிறந்த லயத்தை வாசலில் விட்டாள். நான் மண்டபத்துக்குள் இருப்பதற்காக அவளையே வெளியே கழற்றி வைத்துவிட்டேன்.

அந்த ஞாயிறு அவள் பாட்டிலிருந்து என் குரலை எடுத்துவிட்டாள். வேறு குரலும் போடவில்லை. அந்த இடத்தில் கீபோர்ட் நிற்கும், கிட்டார் நிற்கும், ஒரு மூச்சு நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு பாட்டு தொடரும். அதன் பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. எங்கே பாடினாலும் அந்த வெற்றிடம் வந்தவுடன் சனமே கத்தத் தொடங்கியது: “பக்த கோடிப் பெருமக்களே!” டியூட்டரி வகுப்புப் பெண்கள் கத்தினார்கள். கல்யாண வீட்டு மாமாக்கள் கத்தினார்கள். எல்லோரும் என்னைப் போலவே மூக்கால் இழுத்தார்கள். பஸ் ஸ்டாண்ட் ஆட்டோக்காரர்கள் எனக்குக் ‘கம்பியூட்டர்’ என்று பேர் வைத்தார்கள். “கம்பியூட்டர் ஐயா, சார்ஜ் இருக்கா?” என்பார்கள். ஊர் முழுக்கச் சந்தேகம். மாவட்டத்தில் அந்த வசனத்தைப் பாட்டில் சொல்லாத ஒரே ஆள் நான்தான்.

திருவிழாவிலும் அப்படித்தான். நான் மைக்கில் சொன்னவுடன் வாசல் பக்கமிருந்து யாராவது வாயால் டிக் டிக் என்று கீபோர்ட் போடுவார்கள். கூட்டம் கால் மாற்றித் துள்ளும். தலைவர் நான்கு வருடமாக அதை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

நான்கு திருவிழா மைக் பிடித்தேன். பூசாரி தட்டை நீட்டும்போதெல்லாம் நிமிர்ந்து அம்மன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாதத்தையே பார்த்துக் கும்பிட்டேன். இந்த வருடக் கொடியேற்றத்துக்கு முன்னால் எழுதி முடிப்பதென்று நேர்ந்துகொண்டேன். இதுவரை எழுதி முடித்து, முதலில் மகளிடம் கொடுத்தேன்.

கொப்பிக் கடைக்காரி அல்லவா, முதலில் எழுத்துப் பிழையைத்தான் பார்த்தாள். பிறகு சத்தமில்லாமல் இரண்டு முறை வாசித்தாள்.

“அப்பா, ஒரு இடம் மட்டும் மாத்திருவோம்.”

“எந்த எடம்?”

“உங்களுக்குத் தெரியாம நான் பதிவு செஞ்சேன்னு போடுங்க. நீங்க இல்லன்னு சொன்னது அப்ப பொய்யாகாது. மைக்கும் போகாது.”

நான்கு வருடம் கழித்தும், அதே தூண் பக்கத்திலிருந்து அதே தட்டைக் கீழே வைக்கிறாள்.

“தெரிஞ்சுதான் சொன்னேன். திருநீறு பூசிட்டுச் சொன்னேன்” என்றேன். “மாத்தாத. நாலு கொப்பி அடிச்சுக் குடு. ஒன்னு தலைவருக்கு. ஒன்னு நானாவுக்கு.”

“அப்ப இந்த வருசம் மைக்கு?”

“வேற யாராவது பிடிக்கட்டும். பாட்டுல அந்த எடம் இன்னும் காலியாத்தானே இருக்கு?”

அவள் போனை எடுத்து என் முன்னால் நீட்டினாள். அன்று ஏழு முறை சொல்ல வைத்தாள். “அப்பா, அழாமச் சொல்லுங்க, இது நியூ வேவ்” என்று ஆறு முறை நிறுத்தினாள். ஏழாவது சரியாக வந்தது.

நாளைக்குத் தலைவர் வீட்டுக்குப் போகிறேன். இதை வாசிக்கிறவர்கள் மற்றவர்களுக்கும் கொடுங்கள். வாயால் சொன்னாலும் சரி, கொப்பி அடித்தாலும் சரி, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அதிதியைக் குளத்தில் தள்ளாதீர்கள், பெருவிரல் வரை போதும். அருள் வந்ததாகச் சொல்லாதீர்கள். என் மேல் இரக்கப்பட்டு, எனக்குத் தெரியாது என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள். ‘இல்ல’ என்று இரண்டு முறை சொன்னேன். இரண்டையும் சொல்லுங்கள். இரண்டாவதைச் சத்தமாகச் சொல்லுங்கள்.